பாதிச் சுவருக்கு மட்டும் காவி

தெருவில் மூன்றுகால் பெட்டியை நிறுத்திப் படம் பிடித்துப் பிழைத்தவர்களுக்குத் தெரியும்: யாரோடு வேண்டுமானாலும் பேரம் பேசலாம், வெளிச்சத்தோடு பேச முடியாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. மீதியை ஜனங்கள் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். யுத்தத்துக்கு முந்தைய அந்த வருஷங்களில் கோபக்காரன் என்று திருச்சி முழுக்கப் பெயர் வாங்கியிருந்தேன். வெயில் இறங்குகிற நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக மீசை முறுக்குகிற ஆசாமியைப் பார்த்தால் உங்களுக்கும் கோபம் வந்திருக்கும்.

மலை நிழல்

முதலில் மலைக்கோட்டைக்குக் கிழக்கே கடை போட்டேன். சாயங்காலம் கடைவீதிக்கு ஆட்கள் வரத் தொடங்குகிற நேரம் பார்த்து, மலையின் நிழல் வந்து என்னையும் பெட்டியையும் சேர்த்து விழுங்கிவிடும். மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்விட்டேன்.

அங்கே ஒரு தெருவின் கிழக்குச் சாரியில் நீளமான வெள்ளைச் சுவர். சாயங்கால வெயில் அதில் பட்டுத் திரும்பி, எதிர்ச்சாரி நிழலில் பால் மாதிரி விழுந்தது. அந்த நிழலில் ஆளை உட்கார வைத்தால் கண் கூசாது, முகம் பளிச்சென்று வரும். விடுவேனா? நாற்காலியைப் போட்டேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ராகவாச்சாரி வெளியே வந்து, "யாரைக் கேட்டுண்டு என் ஆத்துச் சுவரை எடுத்துண்டே?" என்றார்.

"சுவரைத் தொடவே இல்லீங்க சாமி. அதுல பட்டுத் தெருவுல விழுற வெளிச்சத்தைத்தான் எடுத்துக்கிறேன்."

அவர் சுவரைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெளிச்சம் பெருமாளோடது, எடுத்துக்கோ. படம் கழுவின பக்கெட் தண்ணியை மட்டும் என் வாசல்ல கொட்டாதே!"

முழு உடம்பு

உறையூரிலிருந்து ஒரு ஜவுளிக்காரர் வந்தார். நெஞ்சு வரைக்கும் எடுத்து, பெட்டிக்குள்ளேயே கழுவி, ஈரத்தோடு கொடுத்தேன். "பாதி ஆளைத்தானே எடுத்திருக்கே, பாதிக் காசு வாங்கிக்க" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஏறின வேகத்தில் அவரை எழுப்பி நிற்க வைத்து, செருப்பு வரைக்கும் முழுசாக எடுத்துக் கையில் திணித்தேன்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூஞ்சி இத்துனூண்டா போயிடுச்சே! காசு மூஞ்சிக்குத்தானேய்யா?"

இரண்டு மூக்கு

ஒருநாள் நாலு மணிக்குப் போனால், சுண்ணாம்படிக்கிற மாரி ஏணியில் நிற்கிறான். கீழே காவிச் சட்டி. கோவில் சுவர் மாதிரி பாதிச் சுவருக்குக் காவிப் பட்டை போட்டாகிவிட்டது. படம் பிடிக்கிற காகிதத்துக்குக் காவி வெளிச்சம் கண்ணிலேயே படாது. படம் விழ, பெட்டியின் மூடியைத் திறந்து இரண்டு மடங்கு நேரம் எண்ண வேண்டும். அதுவரை எவன் ஆடாமல் இருப்பான்? சுவர் முழுக்கப் பட்டை விழுந்தால் எனக்கு மறுபடி மலை நிழல்தான். என் வீட்டில் ஐந்து வாய், அந்த ஒன்றரை மணி நேர வெளிச்சத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இறங்குடா கீழே!" என்று ஏணியைப் பிடித்தேன். ராகவாச்சாரி ஓடி வந்தார். "என்னப்பா அக்கிரமம்? பொண்ணுக்குக் கல்யாணம். கல்யாண ஆத்துச் சுவர் மொட்டையா நிக்கணுமா?"

"கல்யாணமாகி பொண்ணு எங்க போவுதுங்க?"

"நாக்பூருக்கு. உனக்கென்ன?"

"அவ்வளவு தூரமா! முகத்தைப் பார்க்க வீட்டுல ஒரு படம் வேணாமா? காசு வேணாங்க. பட்டைக்கு எதிரே ஒண்ணு, வெள்ளைக்கு எதிரே ஒண்ணு எடுக்கிறேன். பட்டைக்கு ரெண்டு மடங்கு எண்ணணும், அவ்வளவுதான். பட்டைப் படம் நல்லா விழுந்தா நானே ஏணி பிடிக்கிறேன்."

அவர் தயங்கினார். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல், "எடுக்கட்டுமே, ஏன்னா" என்றது. பெண் வந்து உட்கார்ந்தாள். வெயில் சுவரில் ஏறிக்கொண்டே போயிற்று. முணுமுணுவென்று எண்ணிப் பட்டைக்கு எதிரே எடுத்தேன், நாற்காலியைத் தள்ளிப் போட்டு வெள்ளைக்கு எதிரே எடுத்தேன். கழுவி இரண்டையும் நீட்டினேன். முதல் படத்தில் பெண்ணுக்கு இரண்டு மூக்கு. இரண்டாவதில் மூக்குத்தியின் கல் வரைக்கும் எண்ணலாம். மாமி வாசலுக்கே வந்து இரண்டாவது படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஏன்னா, பட்டை கோவில் சுவர்ல இருக்கட்டும். நம்ம சுவர்ல கொழந்தை மூஞ்சி இருக்கட்டும்."

மாரியின் கணக்கு

பாதி காவி, பாதி வெள்ளையாக அந்தச் சுவர் நின்றதை அப்போது ஸ்ரீரங்கம் போனவர்கள் பார்த்திருக்கலாம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். நான் நாற்காலியை வெள்ளைக்கு எதிரே நிரந்தரமாகப் போட்டுவிட்டேன்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது மாரி என் காதோரம் வந்தான். "அண்ணே, வெள்ளைக்கு ரெண்டு எண்ணுனீங்க. பட்டைக்கு நாலு போதாதா? எட்டு எண்ணுனீங்களே!"

வெளிச்சத்தோடு பேரம் பேச முடியாதுதான்; சுவரோடு பேசலாம், அதுவும் வீட்டம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் சீக்கிரமே படியும்.