காற்றுக்காக வாங்கிய எஞ்சின்

எந்த எஞ்சின் என்பதில்தான் எனக்கும் என் நண்பனுக்கும் முதல் சண்டை வந்தது. ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். 1991இல் நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அவன் சேரப்பணஞ்சேரியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தான். பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், அலுமினியக் குழாயும் துணியுமாக, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய விமானம் ஒன்றை இருவரும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்தோம். பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தபோது என்னை ஒருமுறை எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடரில் ஏற்றிப்போனார்கள். அன்று பிடித்த பைத்தியம் எனக்கு. அவனுக்கும் அதே பைத்தியம்தான் என்று நம்பியிருந்தேன்.

இறக்கை, வால் எல்லாம் முடிந்துவிட்டன. மூக்கு மட்டும் காலியாக இருந்தது. இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சின் போதும் என்றேன் நான். எடை குறைவு, மாட்டுவதும் சுலபம். அவனோ பழைய வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய நாலு சிலிண்டர் எஞ்சின்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான்.

"அத்த மாட்டினா மூக்கு குத்திக்கும்டா. வெயிட்டு டபுள்" என்றேன்.

"உன்து சூடாயி ஜாம் ஆயிடும் மச்சான். இது நாள் முழுக்க ஓடும்."

"நாள் முழுக்க எதுக்கு? நாம பறக்கப்போறது கொஞ்ச நேரம்."

"நடு வானத்துல நின்னுச்சின்னா இன்னா பண்ணுவ? உன் உயிருடா."

உயிர் என்று அவன் சொன்னதும், என்மேல் இவ்வளவு அக்கறை வைத்திருக்கிறானே என்று நெகிழ்ந்துபோனேன். சம்மதித்தேன்.

அந்த எஞ்சினுக்காகப் பாதி விமானத்தைத் திரும்பவும் கட்ட வேண்டியிருந்தது. இருக்கையைப் பின்னால் தள்ளினேன். பேட்டரியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். எஞ்சினைத் தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டத்தைப் பற்றவைத்து, அதிர்வு ஏறாமலிருக்க ரப்பர் புஷ் வைத்து மாட்டினேன். முழு விமானத்தையும் பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, மூக்கு சாய்கிறதா வால் சாய்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். எஞ்சின் சுழற்றும் விசிறியான புரொப்பல்லரை மரப்பலகைகளை ஒட்டி என் கையால் செதுக்கினேன்.

"தரையில நின்னாலும் நல்லா காத்து வருமா?" என்று அவன் ஒருநாள் கேட்டான். கேட்கத் தெரியாமல் கேட்கிறான் என்று சிரித்தேன்.

முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது கொட்டகைத் தூசியெல்லாம் எழுந்து பறந்தது. அவன் என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினான்.

அதன்பிறகு தங்கை கல்யாண வேலையாகச் சில நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பிப் போனபோது கொட்டகையில் இறக்கைகள் மட்டும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

"ஏரியாண்ட ஷூட்டிங் நடக்குது. உங்க பிளேன் அங்கதான் கீது" என்றார் எதிர் டீக்கடைக்காரர்.

இறக்கை இல்லாமல் எதற்கு என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனாலும், என் விமானம் சினிமாவில் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் சைக்கிளை வேகமாக மிதித்தேன்.

வற்றிய ஏரியில் கூட்டம் கூடியிருந்தது. வாலைச் சங்கிலியால் டிராக்டரில் கட்டியிருந்தார்கள். நான் தட்டித் தட்டி உருவாக்கிய எஞ்சின் மூடியை, நின்ற இடத்தில் ஓடினால் சூடேறாமலிருக்க, பாதியாக வெட்டி எறிந்திருந்தார்கள். என் இருக்கையில் உட்கார்ந்து அவன் எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், வால் பக்கத்தில், கதாநாயகியின் கூந்தலும் சேலையும் புயலில் பறந்தன. காற்றில் இரண்டு பேர் மண்ணை வாரி இறைத்தார்கள்.

என்னைப் பார்த்தான். ஆனால் 'கட்' சொல்லும்வரை நிறுத்தவில்லை.

"இன்னாடா இது?"

"கோச்சிக்காத மச்சான். சினிமாக்காரங்களுக்குக் காத்து மெஷின் வோணும். நாள் முழுக்க ஓடணும்னாங்க."

"எஞ்சின் வாங்கும்போதே இதான் உன் பிளானா?"

கையைத் துணியில் துடைத்தபடி நின்றான். "நீ பறந்து இன்னா பண்ணப் போற, சொல்லு."

"என் உயிருக்காகன்னு சொன்னியே."

"அதுவுந்தான்" என்றான்.

அவன் இல்லை என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஸ்பேனரை எடுத்து புரொப்பல்லரைக் கழற்றத் தொடங்கினேன். சினிமாக் கம்பெனி மானேஜர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். "இவங்க முன்னாடி அசிங்கப்படுத்தாதடா" என்று அவன் மெதுவாகச் சொன்னான். கழற்றி முடித்துத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளைத் தள்ளியபடி ஏரிக்கரை ஏறினேன். பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

அவன் வேறு விசிறி செய்து மாட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். இறக்கைகளைக் கேட்டு நான் போகவில்லை.

பொங்கல் நெருங்கும்போது ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அவன் மனைவியைப் பார்த்தேன். "இன்னாண்ணா, வூட்டாண்ட வர்றதே இல்ல?" என்றாள். நடந்தது எதையும் அவன் அவளிடம் சொல்லவில்லை என்று புரிந்தது.

"ஷிப்ட் சரியில்லம்மா" என்றேன்.

"அவரு இன்னொரு கார் எஞ்சின் வாங்கி வெச்சிகீறாரு. அண்ணன் வந்துதான் மாட்டித் தரணும்னு சொல்லிக்கினு கீறாரு."

அவள் சிரித்த முகமாக நின்றாள். நான் தலையாட்டிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது எந்த ஊருக்குப் போகிறது என்று உள்ளே போன பிறகுதான் கண்டக்டரிடம் கேட்டேன்.