பூச்சி செத்த வாரம்

சீசன் வந்துவிட்டால் குற்றாலத்து அருவிக்கு எவ்வளவு கூட்டமோ, எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அவ்வளவு வேலை. விடுதிகளின் கழிவுநீர் எங்களிடம் வரும். ஏரேஷன் தொட்டியில் காற்றடித்து வளர்க்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கும். தெளிந்த நீர் சிற்றாற்றில் சேரும். அந்த நுண்ணுயிர்களை நாங்கள் 'பூச்சி' என்போம். விடுப்பே கேட்காத ஊழியர்கள்.

நிலையத்துக்குப் பொறுப்பான பேரூராட்சிப் பொறியாளர் நான். ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போது, அடுத்த வாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு என்று தகவல் வந்தது. முறைப்படி எல்லா விடுதிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன்: 'ஆய்வை முன்னிட்டுக் கழிவுநீர்க் குழாய்களைச் சுத்தமாக வைத்திருக்கவும்.' கோப்பு எண், தேதி, முத்திரை எதிலும் குறையில்லை.

இரண்டே நாளில் ஆபரேட்டர் மாரியப்பன் ஓடி வந்தார். "சார், தொட்டியில ஒரே வெள்ள நுர. குளோரின் வாட தூக்குது. பூச்சி பூராம் செத்துட்டு சார்!"

விடுதி மேலாளர் ஒருவருக்குப் போன் செய்தேன்.

"நீங்கதான அண்ணாச்சி சுத்தமா வைக்கச் சொன்னீய? எல்லா லாட்ஜும் பேசி வச்சு மூட மூடயா ப்ளீச்சிங் பவுடர் கொட்டிட்டோம்லா! இப்ப நல்லா மணக்குதா?"

செத்த தொட்டிக்குள் வரும் கழிவுநீர் வந்தபடியே ஆற்றுக்குப் போகும். கீழே இலஞ்சி வயல்கள். ஆற்றில் குளிக்கிற ஜனம். அவுட்லெட் வால்வை மூடினேன். சேமிப்புத் தொட்டி ஒரு பகல்தான் தாங்கும். இனிக் கழிவுநீரை அனுப்ப வேண்டாம் என்று விடுதிகளுக்குச் சொன்னதும், போனில் பேசிய மேலாளர் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஆத்துல வெள்ளம் போவுதுல்லா அண்ணாச்சி? தொறந்து விட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா! உங்க பழைய செப்டிக் டேங்க்ல பிடிச்சு வையும். நெறைஞ்சா லாரியில தென்காசி நிலையத்துக்கு அனுப்பும்."

"ரூம் பூராம் ஃபுல்லு அண்ணாச்சி!"

"என் தொட்டியும் ஃபுல்லுதான்வே."

முணுமுணுத்துக்கொண்டே போய் மற்ற விடுதிகளையும் அவரே சம்மதிக்க வைத்தார்.

காற்றடித்துக் குளோரினை விரட்டினோம். தென்காசியிலிருந்து புதுப் பூச்சியுள்ள சேறு ஒரு லாரி வந்தது. அது சீக்கிரம் பெருகச் சாணிக் கரைசலும் ஊற்ற வேண்டும். இலஞ்சியில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் செல்வியிடம் போனேன்.

"சாணித்தண்ணி வாய்க்கால்ல விழுதுன்னு போன மாசம் எனக்கு நோட்டீஸ் தந்தது நீங்கதான சார்?"

"ஆமாம்மா."

"இன்னைக்கு அதே சாணி வேணுமாக்கும்! எழுதித் தாங்க. நானும் ஃபைல்ல வைக்கணும்லா?"

எழுதிக் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் அன்றைக்கே பலன் தந்த ஒரே கடிதம் அதுதான்.

குறித்த நாளில் அதிகாரி வந்தார். "அவுட்லெட்ல தண்ணியே இல்லையே, சாம்பிள் எப்படி எடுக்க?" என்றார். ஆற்றுக்கு விடவில்லை என்றேன். நடந்ததை, என் சுற்றறிக்கை உட்பட, ஒப்பித்தேன். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு நன்றாகவே தெரிந்தது.

அதற்கு மறுநாள், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே மாரியப்பன் கத்தினார். "சார், ஒருத்தன் நெளியுதான் சார்! அந்தா, இன்னொருத்தன்!"

இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். தொடர்ந்து மூன்று நாள் சோதனை சரியாக வந்த பிறகே வால்வைத் திறந்தேன்.

இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். சுற்றறிக்கையில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதும்போதே, என்ன செய்யக் கூடாது என்றும் எழுதிவிடுங்கள். ஆய்வு வருவதைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.