கற்பனைப் பெட்டிக்குப் பஸ் வசதி இல்லை

இல்லாத மெஷினில் இல்லாத கார்டைச் செருக இடம் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னபோது எனக்கு வந்த கோபம், இன்றைக்கு நினைத்தாலும் நியாயமாகத்தான் படுகிறது.

திருப்பூரில் ஒரு ஃபினிஷிங் யூனிட்டில் கம்ப்யூட்டர் சமாச்சாரங்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். எங்கள் ஸ்டென்டர், பனியன் துணியை அகலமாக இழுத்துப் பிடித்துச் சூட்டுக்குள் ஓட்டும் நீள மெஷின். அந்தச் சூட்டை ஆட்டிவைப்பது ஓரத்தில் தொங்கும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே, செல்போனில் இருப்பது போன்ற ஏ.ஆர்.எம். சில்லு. பெட்டியை விற்றவர்கள் புது புரோகிராம் அனுப்பி, "நேரா ஏத்துங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அவர்களுக்கென்ன, கெட்டுப்போனால் அவர்கள் வீட்டுத் துணியா? அன்று சாயங்காலம் மெஷினுக்கு வரவிருந்தது குழந்தைச் சட்டைக்கான வெள்ளைத் துணி. சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் மொத்தமும் மஞ்சளாகிவிடும்.

"கம்ப்யூட்டருக்குள்ளயே அந்தப் பெட்டியாட்ட ஒரு டூப்பு பண்ணி, அதுல ஓட்டிப் பாத்துச் சொல்றனுங்க" என்று முதலாளியிடம் வாயைவிட்டேன்.

"துணி வர்றதுக்குள்ள சொல்லிப்போடுங்க. இல்லீன்னா நேரா ஏத்திப்போடலாமுங்க" என்றார்.

டூப்பு ஜோராக எழுந்து உட்கார்ந்தது. ஆனால் சூட்டு எண்களை அதற்கு நெட்வொர்க் வழியாகத்தான் ஊட்ட வேண்டும். அதற்காக ஒரு பொய் நெட்வொர்க் கார்டையும் சேர்த்துக் கிளப்பினேன். கிளம்ப மறுத்தது. பிசிஐ பஸ் இல்லை என்று திரையில் ஒரே ஒரு வரி. கார்டுகள் ஏறி உட்காரும் தடத்துக்குத்தான் அந்தப் பெயர்.

புத்தியுள்ளவன் அந்த வரியை நிதானமாகப் படித்திருப்பான். நான் மேஜைக்கடியில் தவழ்ந்து போய், சுவரோரம் இருந்த நிஜ நெட்வொர்க் வயரைப் பிடுங்கிச் செருகினேன். பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்ததையும்.

"ஏனுங்ணா, வயரப் புடுங்குனீங்களா? ஃபாரின் பையருக்கு மெயில் போயிட்டிருந்துச்சுங்ணா!" என்றாள், ஆர்டர்களைக் கவனிக்கும் அடுத்த மேஜை மெர்ச்சண்டைசர் பெண்.

"கார்டுக்கு லைன் வரலீங்கம்மா."

"எந்தக் கார்டுக்குங்ணா?"

"அது... நெசத்துல இல்லாத கார்டுங்க."

"அப்ப இல்லாத வயரப் புடுங்கியிருக்கலாமில்லீங்ணா?"

சத்தம் கேட்டு வந்த முதலாளி திரையை எட்டிப் பார்த்தார். "பஸ் இல்லீங்குதே. அப்பறம் என்னங்க, ஸ்கூட்டர்ல போகச் சொல்லுங்க!"

இந்த யூனிட்டில் நையாண்டி என் இலாகா. அதில் ஒரே நாளில் இரண்டு பேர் கைவைத்தால் எப்படிப் பொறுப்பது? மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியின் போர்டு பற்றிய விவரக் குறிப்பைத் திறந்தேன். நிஜப் போர்டிலேயே பிசிஐ பஸ் கிடையாதாம். டூப்பு அதை அப்படியே ஒப்பித்திருக்கிறது. கற்பனைதானே? கற்பனையாகவாவது ஒரு துளை வைத்தால் யாருடைய சொத்து குறைந்துவிடும்?

கோபத்தோடு கீழே படித்துக்கொண்டே போனேன். அதே கார்டுக்கு இன்னொரு வடிவமும் இருந்தது. பஸ் வேண்டாமாம், போர்டிலேயே நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அதாவது, ஸ்கூட்டர். இதை முதலாளியிடம் சொல்லவில்லை. கார்டின் பெயரில் 'பிசிஐ' என்ற வாலை நறுக்கிவிட்டு வேறு வால் ஒட்டினேன். லைன் வந்துவிட்டது.

பொய்ச் சூட்டை மெல்ல மெல்ல ஏற்றினேன். எல்லையைத் தொட்டதும் சூடேற்றும் பர்னரைப் புரோகிராம் அணைக்க வேண்டும். அணைக்கவில்லை. எல்லை தாண்டியும் 'சூடேற்று, சூடேற்று' என்றே கட்டளை போட்டுக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற முதலாளியின் சிரிப்பு நின்றுபோனது.

"பழைய புரோகிராமே ஓடட்டுமுங்க. இத ஒருத்தரும் தொடப்படாது" என்றவர், அங்கேயே நின்று பெட்டிக்காரர்களுக்குப் போன் போட்டார். "ஏனுங்க, ஒண்ணும் ஆகாதுன்னீங்களே? உங்க பஸ்ஸுக்குப் பிரேக்கே இல்லீங்களே!"

மெர்ச்சண்டைசர் பெண் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். சாயங்காலம் வெள்ளைத் துணி மெஷினுக்குள் வெள்ளையாகப் போய் வெள்ளையாகவே வந்தது. சந்தோஷம்தான். ஆனால் மேஜைக்கடியில் தவழ்ந்தவன் நான், பிரேக் இல்லாததைக் கண்டுபிடித்தவன் நான். அந்தக் கடைசி வசனத்தையாவது எனக்கு விட்டிருக்க வேண்டாமா அந்த மனிதர்?