இதே அளவில் செய்து பார்த்தேன்

துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். நேரில் போய் விசாரிக்காமல் ஒரு வருமானச் சான்றுக்குக்கூடப் பரிந்துரை எழுதியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு கேட்க ஆள் இல்லாததால் வலைப்பதிவு தொடங்கினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த உலகம் காலியாகிக்கொண்டிருந்தது. நன்றாக எழுதியவர்கள் முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியது பெண்கள் கொஞ்சம் பேர். எழுதியதும் நாங்களே, படித்ததும் நாங்களே. முன்பெல்லாம் ஒரு பதிவுக்குக் கீழே பக்கம் பக்கமாகச் சண்டை நடக்குமாம். எங்கள் காலத்தில் சண்டை போடுமளவுக்கு யாரும் யாரையும் படிக்கவில்லை. நீ என் பதிவுக்கு வந்தால் நான் உன் பதிவுக்கு வருவேன், அவ்வளவுதான். வராவிட்டால் இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

அலுவலகத்தில் தபால் பிரித்த கைக்கு இது கஷ்டமில்லை. பட்டா மாறுதல், வாரிசு சான்று என்று நான் எழுதுவேன். காபி குடித்துக்கொண்டே மற்றவர்களின் பதிவுகளைத் திறந்து, படத்தைப் பார்த்து, கவிதை என்றால் ‘மனதைத் தொட்டது’, கோயில் என்றால் ‘நேரில் தரிசித்த உணர்வு’, சமையல் என்றால் ‘செய்து பார்த்தேன், அருமை’ என்று எழுதிவிட்டு வருவேன்.

என் பதிவுக்கு எப்போதும் முதலில் வருகிறவள், வெள்ளிமலைக்காரி என்ற பெயரில் எழுதும் ஒருத்தி. பிறந்தது சங்கராபுரம், கட்டிக்கொடுத்தது வெள்ளிமலையில். கணவர் அங்கே மலையில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். முதல் கருத்து எழுதுகிறவர் ‘வடை எனக்கு’ என்று சொல்லிக்கொள்வது வலைப்பதிவின் பழைய வழக்கம். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், அவள் விடவில்லை. ‘வடை எனக்குத்தான் அக்கா’ என்று தொடங்கி நீளமாக எழுதுவாள். நான் அதையும் முழுதாகப் படித்ததில்லை.

அவள் ஒருமுறை சாமை அதிரசம் பற்றி எழுதினாள். படம் அழகாக இருந்தது. அன்றைக்கு எனக்கு என்ன தாராளமோ, வழக்கமான வரியோடு நிறுத்தாமல், ‘இதே அளவில் செய்து பார்த்தேன். மிகச் சரியாக வந்தது’ என்று எழுதினேன். அதிகாரியாக இருந்தவளின் வாக்கு அல்லவா, அழுத்தமாக இருக்கட்டும் என்று.

சில மாதம் கழித்துப் போன் வந்தது. சேலத்தில் இனிப்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் அவளுடைய மகளிர் குழுவின் அதிரசத்தை ருசி பார்க்க மலைக்கு வருகிறாராம். பிடித்தால் மாதாமாதம் ஆர்டர். “நீங்களும் வாங்கக்கா. செஞ்சி பாத்தவங்க நீங்க. அவரு கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

பஸ் ஏறிப் போனேன். மறுத்தால் ஏன் என்று கேட்பாளே. அன்றுதான் அவளை முதலில் பார்த்தேன். என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். முந்தின நாளே பாகு காய்ச்சி மாவு கிளறி வைத்திருந்தார்கள். குழுவில் ஒருத்தி இலையில் தட்டிப் பார்த்தாள். மாவு விரலோடு வந்தது.

“இன்னாக்கா இது, கூழாட்டம் இருக்குது? கொஞ்சம் மாவு சேத்துக்கலாமா?”

“எவ்ளோ வெல்லம் போட்டீங்க?” என்று நான் கேட்டேன்.

“பதிவுல இருக்கற மாதிரிதாங்க. டம்ளர் மாவுக்கு ஒன்றரை டம்ளர்.”

தீபாவளிக்கு அதிரசம் சுட்ட எந்தப் பெண்ணும் அந்த அளவைக் கேட்டதுமே சிரித்துவிடுவாள். முக்கால் டம்ளருக்கு மேல் போனால் எண்ணெயில் நிற்காது. நானும் வருடா வருடம் சுடுகிறவள்தான். வாயைத் திறந்தேன். அதற்குள் வெள்ளிமலைக்காரி சொல்லிவிட்டாள்:

“ஒண்ணும் சேக்காத. நான் கைக்கு வந்ததப் போடறவ, டம்ளர் கணக்குல எனக்கே சந்தேகம். அக்கா செஞ்சி பாத்திருக்காங்க. ஆபீசர் கணக்கு, தப்பாது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

சேலத்துக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் அதிரசத்தைப் போட்டார்கள். ஓரம் நுரைத்தது, பிரிந்தது, மண்டியாக அடியில் இறங்கியது. அடுத்ததும் அப்படியே. எண்ணெய் கறுத்துவிட்டது. அவர் மரியாதையானவர். டீயைக் குடித்துவிட்டு, அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்று ஜீப்பில் ஏறினார்.

அவள் கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான். “உங்க வூட்ல மட்டும் எப்பிடிக்கா நல்லா வந்துச்சு?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “தீயைக் கம்மியா வச்சேம்மா” என்றேன்.

“பாத்தீங்களா? தீதான் ஜாஸ்தி!” என்று அவர்களிடம் சொன்னாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த பஸ்ஸிலேயே மலை இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய பதிவை முதல் வரியிலிருந்து படித்தேன். நன்றாக எழுதுகிறாள். பதிவின் கீழே புதிதாக எழுதினேன்: ‘முன்பு நான் எழுதியது பொய். செய்து பார்க்கவில்லை. வெல்லம் முக்கால் டம்ளர் போதும். அன்று தவறு தீயில் இல்லை.’ அவள் அனுமதித்த பிறகு வெளியாகும் என்று திரை சொன்னது. காத்திருந்தேன். வெளியாகவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

“அத நான் போடலக்கா.”

“போட்டுடும்மா. நான்தானே எழுதினேன்.”

“உங்களுத போட்டா, செஞ்சேன் செஞ்சேன்னு எழுதின மத்தவங்க மூஞ்சிய எங்க வெச்சிக்குவாங்க?” அப்புறம் கேட்டாள்: “அப்போ அந்தத் தீ கதையும் வுட்டதுதானா?”

“ஆமா.”

“நல்லா வுட்டீங்க போங்க! நான் அவள ரெண்டு நாளா திட்டிக்கினு இருக்கறேன்.” சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. “நான் உங்களுத படிச்சிட்டுதாங்க்கா கமெண்ட் எழுதறேன். அந்த வாரிசு சான்று பதிவ மூணு தபா படிச்சேன். ஒண்ணும் புரியல. ஆனா படிச்சேன்.”

சேலத்துக்காரர் சொல்லி அனுப்பவில்லை. அவரைப் போய்ப் பார்க்கிறேன், தவறு என்னுடையது என்று விளக்குகிறேன் என்றேன். “நீங்க சாட்சி சொன்னது போதும்க்கா” என்றாள். அதைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை.

இன்று காலை அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறாள்: வெல்லம், முக்கால் டம்ளர். அதற்குக் கீழே, என் பெயரில், பழைய வரி அப்படியே இருக்கிறது. ‘இதே அளவில் செய்து பார்த்தேன். மிகச் சரியாக வந்தது.’