அறுபத்தொரு தடவை அணைத்த விளக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, அப்பாவும் மகளும் காரின் பானட்டைத் திறந்துவைத்து நின்றார்கள். சிக்னலில் நின்றால் வண்டி குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கரும்புகை. அப்பா டீசல் பீச்சும் இன்ஜெக்டர்மேல் பழியைப் போட்டார்.

"அளந்து பாக்காம யாரையும் தூக்குல போடாதீங்கப்பா" என்றாள் மகள். அவளுக்கு வேறு ஊரில், இன்ஜின்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை. எண் காட்டாத எதையும் நம்புவதில்லை.

வண்டியின் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகினாள். போன வருஷம் அவளே அவருக்கு வாங்கிக் கொடுத்தது. புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வுக்கு 'மூடு' என்று உத்தரவு கொடுத்தாள். மூடியிருந்தால் திரையில் பூஜ்யம் வர வேண்டும். பதினெட்டு வந்தது.

"மூடச் சொன்னா மூடல. கரி அடைச்சு கொஞ்சம் தொறந்தே நிக்குது. விட்ட புகையையே திரும்பக் குடிச்சிட்டிருக்கு."

"நெருப்பில்லாம புகையாதும்பாங்க. இங்க புகையே நெருப்புக்குத் திரும்பிப் போகுதா? நல்ல குடித்தனம்."

அவள் சிரித்துக்கொண்டே பழைய பதிவுகளைத் திறந்தாள். சிரிப்பு நின்றது. இதே கோளாறு இரண்டு மாதமாகப் பதிவாகியிருந்தது. அறுபத்தொரு தடவை அழிக்கப்பட்டிருந்தது.

"தினமும் அழிச்சீங்களா?"

"டேஷ்போர்டுல இன்ஜின் லைட்டு எரிஞ்சா ஏறுறவங்க கேக்கறாங்கம்மா. நீதானே அந்த பட்டனைக் காட்டிக் குடுத்தே? அமுக்கினா அணைஞ்சுடுது. நல்ல சாமான்."

"சரி பண்ணிட்டு அமுக்கச் சொன்னேன். பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா?"

"பூனைக்கு இருட்டிடும்ல? அதுக்கு அது போதும்."

அவர் எப்போதும் அப்படித்தான். இருபத்தாறு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் 'சமாளி'. டயர் பஞ்சரா, மழையா, வீட்டில் சண்டையா, எதற்கும் ஒரே வார்த்தை: சமாளிச்சுக்கலாம். கடைவாய்ப் பல் சொத்தையாகி முகம் வீங்கியபோது கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நாலு நாள் ஓட்டினார். மகளின் கல்லூரி விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று அவள் எழுதியபோது மட்டும் சமாளிக்கச் சொல்லவில்லை. முன்னூறு கிலோமீட்டர் ஓட்டிவந்து வாசலில் நின்றார்.

வால்வைப் பிடித்திருந்த நாலு போல்ட்டில் கடைசி போல்ட் கையை மடக்கினால்தான் எட்டும் இடுக்கில் இருந்தது. "நகரு, உன் படிப்பு இங்க எட்டாது" என்று அவரே ஸ்பானரை வாங்கினார். பாதித் திருப்பில் நிறுத்தினார். இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னப்பா?"

"வாயு."

சட்டைப் பையிலிருந்து ஒரு வாயு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அட்டையில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மிச்சப் போல்ட்டைக் கழற்றப் போனாள். வால்வு சொன்னதை நம்பாமல் எண் கேட்டவள், அப்பா சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டாள்.

வால்வின் வாயில் தார் போலக் கரி. கிளீனர் அடித்து, பழைய பல்துலக்கியால் சுரண்டி, புது கேஸ்கெட் வைத்துப் பூட்டினார்கள். 'மூடு' என்றாள். பூஜ்யம். இன்ஜின் பஞ்சுமேல் போவதுபோல் ஓடியது. அப்பா டேஷ்போர்டில் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு அது அசைகிறதா என்று குனிந்து பார்த்தார்.

"உன் சம்பளம் நியாயமான சம்பளம்தான்மா."

மத்தியானம் அவள் ரயிலேறினாள்.

புதன்கிழமை காலை சிக்னல் தாண்டி வண்டியை ஓரங்கட்டினார். ஹேண்ட் பிரேக் போட்டார். நாலு விளக்கையும் மினுக்கவிட்டார். பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை. அவர் தலை ஸ்டியரிங்கில் சாய்ந்தது. அவ்வளவுதான்.

"இன்ஜின் ஓடிட்டே இருந்துச்சுங்க. ஆடவே இல்ல" என்றார் ஸ்டாண்டுக்காரர் ஒருவர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அம்மா ஆறுதல் சொல்லவில்லை. "பக்கத்துலயே ரெண்டு மணி நேரம் நின்னியேடி. வண்டிக்கு என்ன வியாதின்னு கண்டுபிடிச்சே. அந்த மனுஷன் மூஞ்சியப் பாக்கலையா நீ?"

பார்த்தேன் என்று சொல்லலாம். அது பார்க்கவில்லை என்பதைவிட மோசம்.

நாலாம் நாள், தினமும் அப்பாவின் காரில் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி வந்தாள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிறவள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, மகளுக்கும் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னாள்.

"ஈசிஜி எடுக்கச் சொல்லி டாக்டர் அவருக்கு எழுதிக் குடுத்து ரெண்டு மாசமாச்சு, அக்கா. தினமும் எங்க ஆஸ்பத்திரி வாசல்லதான் என்னை இறக்கிவிடுவாரு. உள்ள வாங்கண்ணே, பத்து நிமிஷம்னு தினமும் கூப்பிடுவேன். வண்டில ஒரு லைட்டு எரியுது, முதல்ல அதப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டே இருந்தாரு. திங்கக்கிழமை நானே கேட்டேன், இப்ப என்ன சாக்குன்னு. லைட்டு அணைஞ்சிருச்சு, எம்பொண்ணு சரி பண்ணிட்டா, இனி சாக்கு இல்ல, வியாழக்கிழமை எழுதிக்கோன்னாரு."

வியாழன் காலை ஏழரை. முதல் ஆள். கட்டிலை விரித்துவைத்து, எட்டு மணிவரை அந்தப் பெண் அடுத்தவரைக் கூப்பிடவில்லையாம். புதனும் வியாழனும் நேரம் மாறி வேறு வண்டியில் போனதால் அதுவரை அவளுக்குச் செய்தியே தெரியாது.