சகலனின் புதுக் கம்ப்யூட்டர்

திரையின் நடுவே சந்தனப் பொட்டு, விசைப்பலகையின் மேல் செவ்வரத்தம் பூ, முன்னால் அவலும் கடலையும். எண்பதுகளின் கடைசியில் ஒரு நவராத்திரிக்கு என் கம்ப்யூட்டர் பூசையில் இருந்த கோலம் இது. வட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஒழுங்கைக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் என்னுடையதுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வெங்காயம் விற்று முன்னுக்கு வந்தவன் நான். ஒரு வாத்தியாரைச் சம்பளத்துக்கு வைத்து அதில் வகுப்பு நடத்தினேன். படித்தவர்களின் பிள்ளைகள் என் விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதைத் தொட்டார்கள். இதை ஒருவரும் மறுக்க ஏலாது.

அந்த வருசம் சகலன் கொழும்பிலிருந்து புதுசு ஒன்றை இறக்கினார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அரசாங்க உத்தியோகம், மெல்லிய கதை. இரண்டு சீதன வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். என் திரையில் பச்சை எழுத்து மட்டும். அவருடையதில் எல்லா நிறமும். கிடுகு விலகிய வேலிப் பொட்டுக்குள்ளால் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விசயதசமியன்றுதான் புதுப் பிள்ளைகள் வகுப்பில் சேருவார்கள். அன்றைக்கு அவர்கள் எந்தப் படலையைத் திறப்பார்கள் என்பதே என் நினைப்பாக இருந்தது.

பட்டினத்தில் கம்ப்யூட்டர் திருத்துகிறவரைப் பிடித்தேன். மெமறியைக் கூட்டச் சொன்னேன். நிறத்திரை கேட்டேன், அதற்குத் தனி அட்டை வேண்டுமாம். பிறகு ஹார்ட் டிஸ்க். ஒரு போக வெங்காயம் அந்தப் பெட்டிக்குள் போய் மறைந்தது.

“ஐயா, உதுக்குக் கொட்டுற காசுக்குப் புதுசே வாங்கலாம். பழசிலை ஒண்டை மாத்தினா மற்றது இழுக்காது,” என்றார் அவர்.

“புதுசு வாங்கினா அவரைப் பாத்து வாங்கினதெண்டெல்லோ ஊர் கதைக்கும்! நீர் பூட்டும் தம்பி.”

அவர் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டி முடிக்கவும் சரசுவதி பூசை தொடங்கவும் சரியாக இருந்தது. “ஒருக்காப் போட்டுப் பாப்பம்,” என்றார். மனைவி குத்துவிளக்கை ஏற்றிவிட்டாள். அப்படியே தூக்கிப் பூசையில் வைத்தேன். வைத்ததை விசயதசமி வரை தொடுவது வழக்கமில்லை.

விசயதசமிக் காலை விறாந்தை நிறையத் தாய் தகப்பன்மார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவிச்சைப் போட்டேன். உள்ளே ஒரு முனகல், திரை கறுப்பு. திரும்பப் போட்டேன்; அதே முனகல். புதுச் சாமான்கள் இழுக்கிற மின்சாரத்தைக் கொடுக்கப் பழைய பெட்டிக்கு வலுவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

“சரசுவதி இன்னும் நித்திரையாலை எழும்பேல்லைப் போலை,” என்றார் ஒருவர். விறாந்தையே சிரித்தது.

வேலிக்கு அப்பாலிருந்து சகலனின் குரல் வந்தது: “அண்ணை, நல்ல நேரம் முடியப்போகுது. பிள்ளையளை இஞ்சாலை விடுங்கோவன். நான் பூசைக்கு வைக்க முதலே போட்டுப் பாத்திட்டன்.”

ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் என் மனைவி எங்கள் கடைக்குட்டி மகளின் கையைப் பிடித்தாள்.

“நீங்களும் போறியளோ?”

“நீங்கள் ரோசத்தைக் கட்டிக்கொண்டு இருங்கோ. பிள்ளையின்ரை நேரம் போகுது.”

நானும் பின்னால் போனேன். அங்கே அத்தனை பிள்ளைகள் காத்து நிற்க, “முதல் என்ரை பெறாமகள் இருக்கட்டும்,” என்று சகலன் கதிரையை இழுத்துவிட்டார். அவர் ஒரு குத்தல் கதை சொல்லியிருந்தால் நான் ஆறியிருப்பேன். அந்த நல்ல மனம்தான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வருசம் சண்டை மூண்டு மின்சாரமே நின்றுபோக, அவருடையதும் என்னுடையதும் துணியால் மூடிக் கிடந்தன. இப்போது பேரப்பிள்ளைகள் போனை வருசத்துக்கொன்றாக மாற்றுகிறார்கள். சகலன் வந்திருந்து தன் கம்ப்யூட்டரின் பெருமையைத் தொடங்கினால், நான் ஒன்றுதான் கேட்பேன். அன்று மகள் அதில் தன் பெயரை அடித்தாள். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரின் எழுத்துத்தானே முன்னால் வரும்?

“அந்த நல்ல நேரத்திலை, உம்முடைய புதுக் கம்ப்யூட்டரிலை விழுந்த முதல் எழுத்து ஆருடையது?”