மூன்று பூட்டும் ஒரு நூலும்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பசறையில் மரக்கறி விற்றே மலைச்சரிவில் மாடி வீடு கட்டினேன். மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று கதவுகளுக்கு மூன்று பெரிய பூட்டுகள் போட்டேன். என்னைப்போல் வீட்டைப் பூட்ட இந்தப் பக்கம் ஆளில்லை.

கடைசியாகப் பின்பக்கம் போனேன். ஒரு வாரமாக மழை. மேட்டில் விழுந்த வெடிப்பு அகலுகிறதா என்று பார்க்க, இருபுறமும் குச்சி நட்டு, நூலைத் தொய்வாகக் கட்டியிருந்தேன். அது இப்போது விறைத்து நின்றது.

"என்னங்க, பஸ் போயிரும்," என்றாள் மனைவி.

"மண்ணு நகருது."

"அப்ப இந்தப் பூட்டெல்லாம் யாருக்குங்க?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கீழே தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஆட்களையும் வெளியே வரச்சொல்லிக் கத்திக்கொண்டே இறங்கினேன். வீட்டைத் திரும்பிப் பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை.